பாசல் நகரத்துப் புண்ணியவான்கள்

ஆண்டுதோறும் ஏப்ரல் கடைசியில், நம் பிள்ளைகள் பரீட்சை எழுதி முடித்து ரிசல்ட்டுக்குக் காத்திருக்கிற நேரத்தில், இந்தியாவுக்கும் ஒரு மார்க் ஷீட் வந்து சேரும். அனுப்புகிறவர் வாஷிங்டனில் உட்கார்ந்திருக்கும் அமெரிக்க வர்த்தகப் பிரதிநிதி. அதற்குப் பெயர் 'ஸ்பெஷல் 301 அறிக்கை'. அறிவுசார் சொத்துரிமைப் பாடத்தில் எந்த நாடு ஒழுங்கு, எந்த நாடு தறுதலை என்று அதில் எழுதியிருக்கும். நமக்கு எப்போதும் 'முன்னுரிமைக் கண்காணிப்புப் பட்டியல்' என்ற கடைசி பெஞ்ச்தான். காப்புரிமைச் சட்டத்தில் 3(டி) என்று ஒரு பிரிவை வைத்துக்கொண்டு மருந்துக் கம்பெனிகளின் வயிற்றில் அடிக்கிறோமாம். அடுத்தவன் மூளை உழைப்பை மதிக்கத் தெரியாதவர்களாம்.

இதைப் படித்து டெல்லியில் அதிகாரிகள் நெளிகிறார்கள். வலுவான காப்புரிமைச் சட்டம் இல்லாமல் எந்த நாடும் முன்னேறியதில்லை என்று கோட்டு போட்ட நிபுணர்கள் தொலைக்காட்சியில் தலையாட்டுகிறார்கள். எந்த நாடும் முன்னேறியதில்லையா? அப்படியானால் முன்னேறிய நாடுகளின் ஜாதகத்தையே எடுத்துப் பிரித்துப் பார்த்துவிடுவோம்.

மார்க் போடுகிற வாத்தியாரிடமிருந்தே தொடங்கலாம். 1789இல் சாமுவேல் ஸ்லேட்டர் என்ற இளைஞர் இங்கிலாந்தில் கப்பல் ஏறினார். நூற்பாலை இயந்திரங்களையும் அவற்றை இயக்கத் தெரிந்த கைவினைஞர்களையும் நாட்டைவிட்டு வெளியே விடக்கூடாது என்பது அன்றைய பிரிட்டிஷ் சட்டம். ஸ்லேட்டர் வரைபடம் எதுவும் எடுத்துப் போகவில்லை. ஆர்க்ரைட் என்பவரின் நூற்பு இயந்திரத்தை மொத்தமாகத் தலைக்குள் ஏற்றிக்கொண்டு, தன் தொழில் என்னவென்று மூச்சுவிடாமல் அமெரிக்காவில் போய் இறங்கினார். ரோட் ஐலண்டில் பாட்டக்கெட் என்ற ஊரில் அதை நினைவிலிருந்தே மறுபடி செய்து காட்டினார். பிறந்த ஊர் அவரைத் 'துரோகி' என்றது. அமெரிக்கா 'தொழிற்புரட்சியின் தந்தை' என்றது. இன்று அதே காரியத்தை ஹைதராபாத்திலோ ஷென்சென்னிலோ ஒருவர் செய்தால் அவருக்குத் தந்தைப் பட்டம் கிடைக்காது. வக்கீல் நோட்டீஸ்தான் வரும்.

இது ஏதோ ஒரு தனியாளின் கைவரிசை என்று எண்ணிவிட வேண்டாம். நிதித்துறையின் தலைவராக இருந்த அலெக்சாண்டர் ஹாமில்டன், வெளிநாட்டு இயந்திரங்களையும் நுட்பம் தெரிந்தவர்களையும் வரவழைக்க ஊக்கம் கொடுக்க வேண்டும் என்று 1791இல் அரசாங்க அறிக்கையாகவே எழுதி வைத்தார். 1793ஆம் ஆண்டுச் சட்டம் அமெரிக்கக் குடிமக்களுக்கு மட்டுமே காப்புரிமை என்றது. வெளிநாட்டுக்காரன் கண்டுபிடித்தது ஊர்ச்சொத்து. 1836இல் கொஞ்சம் மனமிரங்கி வெளிநாட்டவருக்கும் கதவைத் திறந்தார்கள். கூடவே ஒரு கட்டண அட்டவணையையும் மாட்டினார்கள். சொந்தக் குடிமகனுக்கு 30 டாலர். வெளிநாட்டவருக்கு 300 டாலர். பிரிட்டிஷ் பிரஜையாக இருந்தால் 500 டாலர். அன்று தொழில்நுட்பத்தில் முன்னால் நின்றது பிரிட்டன் என்பதால், பிரிட்டிஷ்காரனுக்குத்தான் ஆக அதிகக் கட்டணம். 1861 வரை இந்தப் பாகுபாடு நடந்தது. புத்தக விஷயத்தில் இன்னும் மோசம். வெளிநாட்டு எழுத்தாளர்களின் பதிப்புரிமையை 1891 வரை அமெரிக்கா ஏறெடுத்தும் பார்க்கவில்லை. சார்லஸ் டிக்கன்ஸ் 1842இல் நேரில் போய் முறையிட்டும் ஒன்றும் நடக்கவில்லை.

அமெரிக்காவாவது முரட்டுப் பையன் என்று விட்டுவிடலாம். ஐரோப்பியக் கனவான்களின் கதைதான் ரசிக்கத்தக்கது. தொழிற்சொத்துரிமையைக் காப்பதற்காக 1883இல் பாரிஸில் ஓர் உடன்படிக்கை கையெழுத்தானது. இன்றும் உலகக் காப்புரிமை முறைக்கு அடிக்கல் அதுதான். கையெழுத்துப் போட்ட 11 நாடுகளில் நெதர்லாந்தும் சுவிட்சர்லாந்தும் உண்டு. அன்றைய தேதியில் இந்த இரண்டு நாடுகளிலும் காப்புரிமைச் சட்டமே கிடையாது. நெதர்லாந்து, இருந்த சட்டத்தை 1869இல் ரத்து செய்துவிட்டு நிம்மதியாக இருந்தது. 1910இல்தான் மறுபடி கொண்டுவந்தது. அந்த இடைவெளியில், 1891இல், ஐன்தோவன் நகரில் பிலிப்ஸ் குடும்பத்தார் மின்விளக்குத் தொழிற்சாலை வைத்தார்கள். எடிசனுக்கு ராயல்டி கட்ட வேண்டிய அவசியமில்லாத ஊரில் எரிந்த பல்புகள் அவை. சுவிட்சர்லாந்தோ ஒரு படி மேலே போனது. காப்புரிமைகளைக் காக்கும் அந்த உடன்படிக்கையின் சர்வதேச அலுவலகத்தையே, காப்புரிமைச் சட்டம் இல்லாத தன் பெர்ன் நகரில் வாங்கி வைத்துக்கொண்டது. படிப்பது தேவாரம், இடிப்பது சிவன் கோயில் என்பது நம் பழமொழி. இடித்துக்கொண்டிருக்கும்போதே தர்மகர்த்தா பதவியும் வாங்கியவர்கள் சுவிஸ்காரர்கள்.

அந்த நாட்டின் பாசல் நகரத்தைச் சற்று நின்று பார்க்க வேண்டும். பிரான்ஸ், ஜெர்மனி, சுவிட்சர்லாந்து மூன்றும் ரைன் ஆற்றங்கரையில் முட்டிக்கொள்ளும் இடம் அது. 1850களில் கரித்தாரிலிருந்து செயற்கைச் சாயம் எடுக்கும் வித்தை ஐரோப்பாவில் பரவியது. ஃபுக்சின் என்ற பளபளக்கும் சிவப்புச் சாயத்துக்கு 1859இல் பிரான்சில் காப்புரிமை வாங்கினார்கள். பிரெஞ்சுச் சட்டப்படி அந்தப் பொருளை வேறு எந்த வழியில் செய்தாலும் குற்றம். பிரெஞ்சுச் சாயக்காரர்கள் என்ன செய்தார்கள்? மூட்டையைக் கட்டிக்கொண்டு எல்லை தாண்டி பாசலுக்கு வந்தார்கள். இங்கே கேட்பாரில்லை. அலெக்சாண்டர் கிளாவெல் என்ற பட்டுச் சாயக்காரர் அந்த 1859லேயே பாசலில் ஃபுக்சின் காய்ச்சத் தொடங்கினார். அவருடைய பட்டறையிலிருந்து வளர்ந்ததுதான் சிபா. அதே ஊரில் கைகி. அதே ஊரில் 1886இல் சாண்டோஸ். மூன்றும் காப்புரிமை இல்லாத காற்றைச் சுவாசித்துக் கொழுத்த பிள்ளைகள்.

1888இல் ஒரு வழியாகச் சட்டம் வந்தது. அதிலும் ஒரு சாமர்த்தியம் இருந்தது. மாதிரி செய்து காட்டக்கூடிய கண்டுபிடிப்புக்கு மட்டுமே காப்புரிமை. கடிகாரத்துக்கு மாதிரி செய்து மேஜைமேல் வைக்கலாம். சாயம் காய்ச்சும் வேதிமுறைக்கு எந்தத் தச்சனிடம் போய் மாதிரி செய்வது? கடிகாரக்காரர்களுக்குப் பாதுகாப்பு, சாயக்காரர்களுக்குச் சுதந்திரம், இரண்டும் ஒரே சட்டத்தில். ஐன்ஸ்டைன் 1902இல் பெர்ன் காப்புரிமை அலுவலகத்தில் குமாஸ்தா வேலைக்குச் சேர்ந்தபோதும் இதுதான் நிலைமை. சாயக் கம்பெனிகளின் வேதிமுறை விண்ணப்பங்கள் அவர் மேஜைக்கு வர வழியே இல்லை. சார்பியல் கோட்பாட்டை யோசிக்க அவருக்கு நேரம் கிடைத்ததில் பாசல்காரர்களின் பங்கும் இருக்கலாம். கடைசியில் ஜெர்மனி பொறுமையிழந்து, சட்டத்தைத் திருத்தாவிட்டால் உங்கள் சாயத்துக்குச் சுங்கவரி என்று மிரட்டிய பிறகுதான் 1907இல் வேதிமுறைக்கும் காப்புரிமை வந்தது. அதற்குள் பாசல் கம்பெனிகள் திருட வேண்டிய அவசியமில்லாத அளவுக்கு வளர்ந்துவிட்டிருந்தன. ஒழுக்கம் அவர்களுக்கு அப்போதுதான் கட்டுப்படியானது.

மிரட்டிய ஜெர்மனி யோக்கியமா? 1877ஆம் ஆண்டு ஜெர்மன் சட்டம் வேதிப்பொருளுக்குக் காப்புரிமை இல்லை, தயாரிக்கும் முறைக்கு மட்டுமே உண்டு என்றது. வேறு முறையில் அதே பொருளைச் செய்ய யாருக்கும் தடையில்லை. அந்த நிழலில்தான் பேயரும் ஹெக்ஸ்டும் உலகை ஆண்டார்கள். மருந்துப் பொருளுக்கே காப்புரிமை என்ற ஞானோதயம் ஜெர்மனிக்கு வந்த ஆண்டு 1968. ஜப்பானுக்கு 1976. சுவிட்சர்லாந்துக்கு 1970களின் பிற்பகுதி. இத்தாலிக்கு 1978. ஸ்பெயினுக்கு 1992. ஒவ்வொரு நாடும் வயிறு நிரம்பி ஏப்பம் விட்ட பிறகே ஏகாதசி விரதம் இருக்கத் தொடங்கியிருக்கிறது. பசித்திருப்பவனைப் பார்த்து, நீயும் இன்றைக்கே விரதம் இரு என்கிறது.

இனி நம் கதை. வெள்ளைக்காரன் 1911இல் கொடுத்துவிட்டுப் போன காப்புரிமைச் சட்டம் 'வலுவானது'தான். நிபுணர்கள் கேட்கிற அத்தனை வலுவும் அதில் இருந்தது. பலன்? இந்தியாவில் பெற்ற காப்புரிமைகளில் பெரும்பாலானவை வெளிநாட்டவர் கையில் இருந்தன. வாங்கியவர்களில் பெரும்பாலோர் இங்கே ஒரு மாத்திரைகூடத் தயாரிக்கவில்லை. நாம் தயாரிக்காமல் பார்த்துக்கொள்ளவே வாங்கி வைத்திருந்தார்கள். உலகிலேயே மருந்து விலை மிக அதிகமான நாடுகளில் இந்தியாவும் ஒன்று என்று சொன்னது நம் ஊர் கம்யூனிஸ்ட் அல்ல. அமெரிக்க செனட்டின் கெஃபாவர் குழு. சென்னை உயர் நீதிமன்ற நீதிபதியாக இருந்த என். ராஜகோபால அய்யங்கார் 1959இல் ஓர் அறிக்கை கொடுத்தார். எல்லா நாடுகளின் சட்டங்களையும் வரிவரியாக அலசிவிட்டு, ஜெர்மனி தன் வளர்ச்சிக் காலத்தில் செய்ததையே நமக்கும் பரிந்துரைத்தார்: உணவுக்கும் மருந்துக்கும் பொருள் காப்புரிமை வேண்டாம், செய்முறைக்கு மட்டும் போதும். அதிலிருந்து பிறந்தது 1970ஆம் ஆண்டுச் சட்டம். 1972இல் நடைமுறைக்கு வந்தது.

அந்தச் சட்டம் செய்ததை ஒரே கணக்கில் சொல்லலாம். 2001இல் ஆப்பிரிக்காவில் எச்.ஐ.வி. நோயாளி ஒருவரின் ஓராண்டு மருந்துக்கு மேலைக் கம்பெனிகள் கேட்ட விலை 10,000 டாலருக்கும் மேல். மும்பையின் சிப்லா கம்பெனி அதே கூட்டு மருந்தை 350 டாலருக்குத் தருகிறேன் என்றது. 350 டாலருக்குச் செய்ய முடிகிற ஒன்றை 10,000 டாலருக்கு விற்றுக்கொண்டிருந்தவர்கள் நம்மைப் பார்த்துத் திருடன் என்றார்கள். அது மட்டுமா? மலிவு மருந்து வாங்க வழிசெய்யும் சட்டம் கொண்டுவந்த குற்றத்துக்காக, நெல்சன் மண்டேலாவின் அரசாங்கத்தின் மீதே சுமார் 40 மருந்துக் கம்பெனிகள் வழக்குப் போட்டிருந்தன. ஊர் ஊராகப் பிணம் விழுந்துகொண்டிருந்த நாட்டில், நீதிமன்றத்துக்குப் போய் மூன்று ஆண்டுகள் காப்புரிமை பேசினார்கள். உலகம் காறித்துப்பத் தொடங்கியதும் 2001 ஏப்ரலில் வழக்கை வாபஸ் வாங்கினார்கள்.

அதே 2001 அக்டோபரில் அமெரிக்காவில் என்ன நடந்தது தெரியுமா? தபால் உறைகளில் ஆந்த்ராக்ஸ் கிருமித் தூளை வைத்து யாரோ அனுப்பினார்கள். இறந்தவர்கள் ஐந்து பேர். ஐந்து உயிரும் உயிர்தான். அதில் மாற்றுக் கருத்தில்லை. அதற்கான சிப்ரோ மாத்திரையின் காப்புரிமை பேயர் கம்பெனியிடம் இருந்தது. விலையைக் குறைக்கிறாயா, காப்புரிமையை மீறி வேறு கம்பெனியிடம் வாங்கட்டுமா என்று அமெரிக்க சுகாதார அமைச்சர் பகிரங்கமாகவே கேட்டார். சில நாட்களில் பேயர் கிட்டத்தட்ட பாதி விலைக்கு இறங்கி வந்தது. லட்சக்கணக்கில் செத்த ஆப்பிரிக்காவில் காப்புரிமை புனிதம். ஐந்து பேர் இறந்த அமெரிக்காவில் அது பேரத்துக்குரிய காகிதம். மாமியார் உடைத்தால் மண்சட்டி என்கிற நியாயத்துக்கு இதைவிடத் துல்லியமான கணக்கு கிடைக்காது.

இப்போது பாசலுக்குத் திரும்புவோம். இல்லை, பாசல் சென்னைக்கு வந்ததைப் பார்ப்போம். சிபாவும் கைகியும் முன்பே ஒன்றாகியிருந்தன. 1996இல் சாண்டோஸும் சேர்ந்து நோவார்டிஸ் ஆனது. இமாடினிப் என்ற மூலக்கூறு அவர்களுடையது. ஒருவகை ரத்தப் புற்றுநோயைத் தினமும் மாத்திரை போட்டுச் சமாளிக்கும் நோயாக மாற்றிய அருமையான மருந்து அது. அதை மறுக்க வேண்டாம். ஆனால் அந்த மூலக்கூறுக்கு 1993லேயே காப்புரிமை கோரிவிட்டார்கள். 1998இல் சென்னைக் காப்புரிமை அலுவலகத்தில் அவர்கள் போட்ட விண்ணப்பம் அதன் உப்பின் 'பீட்டா படிக' வடிவத்துக்கு. அதாவது அதே மருந்து, வேறு மாதிரி படிந்த தூள். இதில் என்ன விசேஷம்? தூள் நன்றாக வழிந்தோடுமாம். ஈரத்தைக் குறைவாக இழுக்குமாம். நிலையாக இருக்குமாம். மருந்து கிடங்கில் எவ்வளவு சுகமாக இருக்கிறது என்பதற்காகத் தனியாக ஒரு ஏகபோகம் கேட்டார்கள். நோயாளிக்கு என்ன சுகம் என்று கேட்டால், உடம்பில் 30 சதவீதம் கூடுதலாகச் சேரும் என்றார்கள். நோய் கூடுதலாகக் குணமாகுமா என்றால் அதற்குக் கையில் சான்று இல்லை.

இதற்கிடையே 2003இல் தற்காலிகமாகத் தனி விற்பனை உரிமை கிடைத்ததும் சாயம் வெளுத்தது. மாதம் சுமார் 1,20,000 ரூபாய். இந்தியக் கம்பெனிகள் அதே மாத்திரையை 8,000 முதல் 10,000 ரூபாய்க்கு விற்றுக்கொண்டிருந்தன. சேலத்திலோ தேனியிலோ ஒரு லாரி டிரைவரின் மனைவிக்கு இந்த நோய் வந்தால், முதல் விலையில் நிலத்தை விற்று ஒரு வருஷம் ஓட்டலாம். அப்புறம் விற்க என்ன இருக்கும்?

இதற்குள் நம் நாடும் மருந்துப் பொருளுக்குக் காப்புரிமை தரத் தொடங்கியிருந்தது. ஆனாலும் 2006 ஜனவரியில் சென்னை அலுவலகம் விண்ணப்பத்தை நிராகரித்தது. பழைய கள்ளைப் புதிய மொந்தையில் ஊற்றிக்கொண்டு வந்தால் காப்புரிமை இல்லை. மருத்துவத் திறன் கூடியதாக நிரூபி என்பதுதான் 3(டி). நோவார்டிஸ் என்ன செய்தது? அந்தப் பிரிவே இந்திய அரசியல் சாசனத்துக்கு விரோதம் என்று சென்னை உயர் நீதிமன்றத்துக்குப் போனது. காப்புரிமையே இல்லாத ஊரில் பிறந்து, சட்டத்தின் ஓட்டைகளில் வளர்ந்து, பக்கத்து நாட்டுச் சாயத்தைக் காய்ச்சி மாளிகை கட்டிய வம்சம், பாரிமுனைக்கு வந்து நமக்குச் சொத்துரிமை ஒழுக்கம் கற்றுக்கொடுத்தது. 2007 ஆகஸ்டில் உயர் நீதிமன்றம் அந்த மனுவைத் தள்ளியது. 2013 ஏப்ரல் 1ஆம் தேதி உச்ச நீதிமன்றம் காப்புரிமை வழக்கையும் முடித்து வைத்தது. முட்டாள்கள் தினத்தில் வந்த புத்திசாலித்தனமான தீர்ப்பு. அதே மாதம், இந்த நோய்க்கு வைத்தியம் செய்யும் 100க்கும் மேற்பட்ட நிபுணர்கள் மருந்து விலை அநியாயம் என்று 'பிளட்' மருத்துவ இதழில் எழுதினார்கள். அவர்களையும் கடைசி பெஞ்சில் உட்கார வைப்பார்களா?

உடனே ஒரு குரல் வரும்: ஆராய்ச்சிக்குச் செலவாகிறதே, அதை யார் கொடுப்பது? நியாயமான கேள்விதான். கண்டுபிடித்தவர் ரகசியத்தை ஊருக்குச் சொல்லட்டும், பதிலுக்குச் சில ஆண்டுகள் தனியுரிமை அனுபவிக்கட்டும் என்ற ஒப்பந்தத்தில் தவறில்லை. அந்த ஆண்டுகள் முடிந்த பின்பும் இடத்தைக் காலி செய்ய மறுப்பதுதான் பிரச்சினை. ஹியூமிரா என்ற மூட்டுவாத மருந்து 2002 கடைசியில் அமெரிக்காவில் அனுமதி பெற்றது. அதைச் சுற்றி நூற்றுக்கும் மேற்பட்ட காப்புரிமைகளை வேலி போட்டார்கள். ஐரோப்பாவில் 2018இல் மலிவு மாற்று மருந்து வந்துவிட்டது. அமெரிக்காவில் 2023 வரை வரவில்லை. மார்க் போடுகிற வாத்தியாரின் வீட்டிலேயே சொந்த நோயாளிகள் இப்படி மொட்டையடிக்கப்படுகிறார்கள். இந்த வேலியைத்தான் 3(டி) வெட்டுகிறது. இதைத்தான் எடுத்துவிடு என்கிறார்கள்.

அவர்கள் கேட்பதில் ஆச்சரியமில்லை. லாபத்துக்குப் பிறந்தவர்கள் லாபம் கேட்கிறார்கள். நம் ஆட்களைப் பற்றித்தான் பேச வேண்டும். 2012இல் பேயரின் நெக்சாவர் என்ற புற்றுநோய் மருந்துக்கு இந்தியா கட்டாய உரிமம் கொடுத்தது, அதாவது பேயரின் சம்மதம் இல்லாமலே வேறு கம்பெனி தயாரிக்கலாம் என்றது. மாதம் 2,80,428 ரூபாயாக இருந்த மருந்து 8,880 ரூபாய்க்கு வந்தது. வானம் இடிந்து விழவில்லை. பேயர் கடையைச் சாத்திக்கொண்டு போகவில்லை. அதற்குப் பிறகு இன்னொரு மருந்துக்கு அதே துணிவு வரவில்லை. 'உலகின் மருந்தகம்' என்று மேடையில் மார்தட்டும்போது மட்டும் 1970ஆம் ஆண்டுச் சட்டத்தின் பலன் வேண்டும். அந்தச் சட்டத்தின் முதுகெலும்பு வேண்டாம்.

2024 மார்ச் 10ஆம் தேதி, சுவிட்சர்லாந்து உள்ளிட்ட நான்கு நாடுகளின் 'எஃப்டா' கூட்டமைப்புடன் இந்தியா வர்த்தக ஒப்பந்தம் போட்டது. மார்ச் 15ஆம் தேதி காப்புரிமை விதிகளில் திருத்தம் வெளியானது. ஐந்தே நாள். காப்புரிமை வழங்கும் முன் யார் வேண்டுமானாலும் காசில்லாமல் ஆட்சேபிக்கலாம் என்று இருந்தது. இனி கட்டணம் கட்ட வேண்டும், ஆட்சேபம் ஏற்கத்தக்கதா என்று முதலில் அதிகாரி முடிவு செய்வார். நோவார்டிஸ் விண்ணப்பத்தை எதிர்த்து நின்றவர்களில் புற்றுநோயாளிகளுக்கான தொண்டு அமைப்பும் ஒன்று என்பதை நினைவில் வையுங்கள். வாங்கிய காப்புரிமையை இந்தியாவில் பயன்படுத்துகிறீர்களா என்று கம்பெனிகள் ஆண்டுதோறும் கணக்குக் காட்ட வேண்டியிருந்தது. இனி மூன்று ஆண்டுக்கு ஒருமுறை போதும். நோயாளி வாய் திறக்கக் கட்டணம். கம்பெனி வாய் திறக்காதிருக்க அவகாசம். இதுவும் வர்த்தக ஒப்பந்தமும் தற்செயலாக அடுத்தடுத்து வந்தன என்று நம்புகிறவர்கள் நம்பலாம். பாசலில் யாரும் அப்படி நம்பியிருக்க மாட்டார்கள்.

இதே ஆட்கள்தான், 2023-24இல் ஒரு லட்சத்துக்கும் மேல் காப்புரிமை கொடுத்தோம் என்று விளம்பரம் செய்கிறார்கள். ரப்பர் ஸ்டாம்ப் தேய்வதெல்லாம் வளர்ச்சி என்றால் சார் பதிவாளர் அலுவலகம்தான் நாட்டின் தலைசிறந்த ஆராய்ச்சிக்கூடம்.

ஆகவே டெல்லிக்கு ஒரு யோசனை. புதிதாகச் சட்டம் எழுதி மூளையைக் கசக்க வேண்டாம். 1836ஆம் ஆண்டின் அமெரிக்கக் கட்டண அட்டவணையை எடுத்துக்கொள்வோம். நம்மவர் கட்டுவதைப்போல் கிட்டத்தட்ட 17 மடங்கு அமெரிக்கக் கம்பெனி கட்டட்டும். வேதிப்பொருளுக்கு 1877ஆம் ஆண்டின் ஜெர்மன் சட்டம், அவர்கள் வைத்திருந்த அதே 90 ஆண்டுகளுக்கு. சுவிஸ் கம்பெனிகளுக்கு மட்டும் தனி மரியாதை: 1888ஆம் ஆண்டுச் சட்டப்படி, பீட்டா படிகத்தை மரத்தில் மாதிரி செய்து கிண்டி அலுவலகத்தில் கொண்டுவந்து வைக்கட்டும். எதிர்ப்பு வந்தால், நாங்கள் உங்களிடம் கற்ற ஒழுக்கம்தான் இது என்று சொல்லிக்கொள்ளலாம். அந்தச் சட்டங்களுக்கு யாரும் காப்புரிமை வாங்கி வைக்கவில்லை.

அந்த அளவுக்குத் தைரியம் இல்லையென்றால், இருக்கிற 3(டி)யையாவது இருக்கிற இடத்தில் விட்டுவையுங்கள். அய்யங்கார் எழுதிக் கொடுத்ததை அடுத்த ஒப்பந்த மேஜையில் இனாமாக வைத்துவிட்டுக் கைகுலுக்கிப் படம் எடுத்துக்கொண்டு வராதீர்கள். அந்தப் படத்துக்கான செலவை உங்கள் பட்ஜெட் கட்டாது. மருந்துக்கடை கவுண்டரில் பில்லைத் திருப்பித் திருப்பிப் பார்த்து, பாதி அட்டை போதும் என்று சொல்கிறவர் கட்டுவார்.